ஒரு வருஷ லாபம்

நுரையை அளவாகப் போடத் தெரியாதவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அப்பாவின் முகம் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடியும் மூக்கு நுனியும் வாயும்தான் மிச்சம், அந்த வாயும் சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. "ஏல வேலு, பைய போடு, கண்ணுக்குள்ள போயிராம. நர்சம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்லா?" இருக்கிறது, ஏன் இல்லாமல்? தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, சோப்பு நுரை கண்ணில் படவே கூடாது. கண்புரையை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாமே கூடாதுதான். சலூனுக்குப் போனால் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரைப் பீச்சி அடிப்பான், அதனால் சலூனும் கூடாது. நரைமுள் குத்துகிறது, அரிக்கிறது என்று ஒரே அனத்தல். சரி, நானே வழித்து விடுகிறேன் என்று வேல்மயில் இன்று காலை பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டான். இன்னொருவர் முகத்தை வழித்து அவனுக்குப் பழக்கமில்லை. பெற்ற அப்பாவின் கன்னத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் பழக்கமில்லை. ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்த ஃபோன் அணைந்து அணைந்து போகிறது. ஈரக் கையை லுங்கியில் துடைத்துச் சுண்டுவிரலால் தட்டி எழுப்புகிறான். எழுப்பினால் அதே பக்கம், அதே வரி. விண்ணப்பிப்பவர் ஜூலை முதல் தேதியன்று முப்பத்தைந்து வயதை நிறைவு செய்திருக்கக் கூடாது. அங்கேயும் கூடாது. ஆடிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது, அவன் ஒரு காலால் அதை முட்டுக் கொடுத்துக்கொண்டு ரேசரைத் தண்ணீரில் நனைத்தான்.

டெல்லியில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் பக்கம் அது. இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்து வருஷத்துக்குச் சம்பளம், கருவி வாங்கப் பணம், நாட்டில் எந்த ஆய்வுக்கூடத்தில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இன்று மாலை ஐந்து மணியோடு கதவைச் சாத்துகிறார்கள். வேல்மயில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டான், ஆய்வுத் திட்டம், பட்ஜெட்டு, இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரை, எல்லாம். பாக்கி ஒரே ஒரு கட்டம். பிறந்த தேதி. அதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடி ஜூன் ஒன்று என்று போட்டால் அந்தக் கட்டம் சிவந்து போகிறது, அதற்குமேல் ஓர் அடி நகர மாட்டேன் என்கிறது. எத்தனை தரம் போட்டாலும் சிவக்கிறது. வெட்கம் கெட்டவன் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறான். அவர்கள் சொன்ன தேதிக்கு வயது தாண்டி ஒரு மாசம்தான் ஆகிறது. அதுவும் சான்றிதழுக்குத்தான் தாண்டியது, அவனுக்கு இல்லை. அவன் பிறந்தது ஆவணியில். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் ஆகஸ்டு என்று தெளிவாக இருக்கிறது, அதைப் படம் பிடித்து, ஐயா, உண்மையில் எனக்கு இன்னும் வயது ஆகவில்லை, பள்ளியில் சேர்க்கும்போது நேர்ந்த பிழை இது, தயவுசெய்து இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நாலு நாளைக்கு முன்னால் அவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறான். நேர்ந்த பிழை என்றுதான் எழுதினான். யாரால் நேர்ந்தது என்று எழுதவில்லை. அந்த யார் இப்போது முகம் நிறைய நுரையோடு, "அன்னா அந்தக் காது ஓரத்துல விட்டுட்டே" என்று தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை அப்பா சொல்லாத ஆள் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார், கண்ணாஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சொன்னார், சொட்டு மருந்து ஊற்ற வந்த அந்த நர்சம்மாவைக்கூட விடவில்லை. அப்பா பூலுடையார், டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். "கேட்டியளா, இந்த ஊர்ல அவ்வளவு பேரும் டிக்கெட்டுக்குப் பயந்து பிள்ளைக்கு வயசக் குறைச்சுச் சொல்லுவான். மீசை முளைச்சவனை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு அரை டிக்கெட்டும்பா. நான் ஒருத்தன்தான் பிள்ளைக்கு வயசக் கூட்டிச் சொன்னவன். ரெண்டே மாசம்! ரெண்டு மாசம் கூட்டிச் சொன்னேன், ஒரு வருஷம் லாபம்லா. அடுத்த வருஷம் சேர வேண்டியவன் இந்த வருஷமே சேந்துட்டான். இன்னைக்குப் பாருங்க, டாக்டர் பட்டம்." ஜூன் மாசம் ஐந்து முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். வேல்மயிலுக்கு எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று உள்ளங்கையால் அவன் தலையை ஓரமாக அமுக்கினார், கழுத்து சாய்ந்தது, விரல் காதில் பட்டுவிட்டது. தலைமையாசிரியரும் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அவர் அப்படி எழுதிய பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர், எல்லாருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள். அந்த உள்ளங்கையின் சூடும் காக்கிச் சட்டையிலிருந்து வந்த சில்லறைக் காசு வாடையும் இப்போதுகூட அவனுக்கு நினைவிருக்கிறது, அல்லது கேட்டுக் கேட்டு நினைவிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்பாவின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்து, வலது கன்னத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தான். நுரைக்கு அடியிலிருந்து முகம் வந்தது.

ஆராய்ச்சிக்கு நல்கைப் பணம் தேடுவதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம்தான் கிடையாது. மனைவி செல்வராணி தூங்கின பிறகு ஃபோனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு அவன் தேடாத தேட்டம் இல்லை. முப்பது வயதுக்குள் ஒரு விருது, முப்பத்திரண்டுக்குள் ஒரு பதக்கம். பட்டம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் என்பான் ஒருத்தன், அதைப் பார்க்கும்போது நாலாவது வருஷம் நடந்துகொண்டிருக்கும். வேலையில்லாத ஆய்வாளருக்கு வேலை கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்க முதல் தகுதி, நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். அட போங்கய்யா. வெளிநாட்டுப் பரிசு ஒன்றுக்கு, உங்கள் நிறுவனத் தலைவர் உங்களைப் பற்றி ஐந்நூறு வார்த்தையில் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. நிறுவனத் தலைவருக்கு அவன் பேர் தெரியாது, வராந்தாவில் எதிரில் பார்த்தால் தலையை ஆட்டுவார். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்பது உத்தியோகத்தின் பேர், கௌரவம் அந்தப் பேரில் இருந்தது, சம்பளம் வருஷத்தில் பத்து மாசத்துக்கு இருந்தது. இந்த ஜூனில் துறைக்கு நிரந்தர ஆள் வந்துவிட்டார், சந்தோஷமான விஷயம், எல்லாரும் கேக் வெட்டினார்கள், அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிளகு அளவு நத்தைகள்தான் அவனுடைய ஆராய்ச்சி. தாமிரபரணிக் கால்வாய் பாயும் வயல்களில் கிடக்கும். தண்ணீர் அடைத்த பிறகு சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயைச் சவ்வால் மூடிக்கொண்டு, அடுத்த தண்ணீர் வரைக்கும் அசையாமல் கிடக்கும், சிலது இரண்டு கோடைகூடக் கிடக்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இளமை முழுக்கப் போய்விட்டது. வரப்பில் குத்தவைத்து அவன் மண்ணைச் சலிப்பதைப் பார்த்துவிட்டு வயலுக்காரர்கள், "நத்தை சார் வந்துட்டாரு, இன்னைக்கு மழைதான்" என்பார்கள். செல்வராணியின் அண்ணன் தூத்துக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கணக்குப் பார்க்க, குடோனைக் கவனிக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். "அண்ணன் திங்கக்கிழமை வரச் சொல்லுதாங்க. சனிக்கிழமை சாயங்காலம்வரை பாப்போம்னு நீங்கதானே சொன்னீங்க. நான் ஒண்ணும் நெருக்கல" என்றாள் செல்வராணி, இன்று காலை கூட்டுறவு வங்கிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே. நெருக்கவில்லைதான். நெருக்கியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன வருஷம் நேர்முகம் வரைக்கும் போனவன் அவன். அதுதான் தாங்க முடியவில்லை. இதே அறக்கட்டளை, ரயில் டிக்கெட் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள், ஏசி குளிரில் ஐந்து பேர் உட்கார்ந்து அவனுடைய நத்தைகளைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த வெள்ளைச் சேலை அம்மாள் அவன் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கன்னத்தில் கை வைத்து, அந்தச் சவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாழ்நாளில் அந்தப் படத்தை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். கடைசியில் அவர்தான் சொன்னார், மிக நல்ல வேலை, இந்தக் கட்டுரை மட்டும் அச்சில் வந்திருந்தால் யோசனையே இல்லை, அடுத்த வருஷம் கட்டாயம் வாருங்கள் என்று. அடுத்த வருஷம். வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, சந்தோஷத்தில் செல்வராணிக்கு ஃபோன் போட்டு அப்படியே சொன்னான், ஊருக்கு வந்து அப்பாவிடமும் சொன்னான், அப்பா அன்றைக்குப் பாதித் தெருவுக்கு அல்வா கொடுத்தார். ரயிலில் நாக்பூர் தாண்டின பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தான், மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஜூன், ஜூலை, மறுபடி ஜூன். எண்ணிப் பார்த்த பிறகும் அல்வாவைத் தடுக்கவில்லை. கட்டுரை மாசியில் அச்சில் வந்தது. அதை அனுப்பி அந்த அம்மாளுக்கு ஒரு மெயில் போட்டான், வாழ்த்துகள், இந்த வருஷம் உங்களை எதிர்பார்க்கிறேன் என்று ஒரு வரி பதில் வந்தது. எதிர்பார்க்கட்டும். தன் கைவிரலில் ஒட்டிய நுரையை அவன் மக்கில் உதறினான்.

"என்னல யோசன, கை நிக்கி?" என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்று சொல்லி மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான், தொண்டை வெளியே வந்தது. சுருக்கம் விழுந்து, தளர்ந்து, குரல்வளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிடித்தால்தான் வழிக்க வரும், பிடித்தால் தோல் கையோடு வருகிறது, எலும்பில் ஒட்டவே இல்லை. இந்தத் தொண்டைதான் பஸ் ரூட்டு முழுக்கக் கத்தி விசில் அடித்துப் பிள்ளையைப் படிக்க வைத்தது. இந்தத் தொண்டைதான் பொய்யும் சொன்னது. ஏன்யா சொன்னீர்? யார் கேட்டார் உம்மை? அம்மா வேண்டாம் என்றாள் அல்லவா, "பச்சப் பிள்ள, இன்னும் ஒரு வருஷம் எங்கூட கிடந்துட்டுப் போகட்டும்" என்று வாசலில் நின்று அழுதாளே, அவள் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அவள் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவும் இல்லை. அந்த வருஷம் அவனுக்கு அம்மாவோடு இருந்திருக்க வேண்டிய வருஷம். அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார், லாபம் என்றார், லாபத்தை வைத்து இத்தனை வருஷமாக ஊர் முழுக்கக் கடை விரித்தார். ரேசரின் ஓரம் குரல்வளைக்குப் பக்கத்தில் நின்றது. அவனுக்குத் திடீரென்று தன் கையைப் பார்த்தே பயமாக இருந்தது. ஒன்றும் செய்துவிட மாட்டான், செய்கிற ஆளும் இல்லை, ஆனால் இந்த மனுஷனை நான் வெறுக்கிறேன் என்ற நினைப்பு எந்த மறைப்பும் இல்லாமல் மண்டைக்குள் வந்து நின்றுவிட்டது, போ என்றால் போகவில்லை. கண் சரியாகத் தெரியாத மனுஷன், கழுத்தைத் தூக்கி நீட்டிக்கொண்டு, நம்பி உட்கார்ந்திருக்கிறார். சீ, என்ன பிறவி நான். ரேசரை மெல்ல மேலே கொண்டுவந்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. தொண்டை முடிந்ததும் ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டான்.

அப்போதுதான் ஃபோன் அதிர்ந்தது. கம்பியோடு சேர்ந்து கடகடவென்று அதிர்ந்து, சரிந்து, திண்டில் குப்புற விழுந்தது. "யாருல ஃபோன்ல?" "மெயில்ப்பா." "யாரு போட்டது?" "தெரியல, பாக்கணும்." பார்க்கவில்லை. கை ஈரம் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். ஈரத்தைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? குப்புறக் கிடக்கிறவரைக்கும் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அந்தச் சுகத்தை ஏன் விடணும்? சனிக்கிழமையில் யார் மெயில் போடப் போகிறார்கள், கரண்ட் பில்லாக இருக்கும், லோன் வேண்டுமா என்று கேட்பான் எவனாவது. இல்லை, கடைசி நாள் என்பதால் ஆபீசில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அந்த வெள்ளைச் சேலை அம்மாளே இருக்கலாம், மெயிலைப் பார்த்திருப்பார், அட இந்தப் பையனா, இவனுக்கு நிஜமாகவே வயது ஆகவில்லையே, பிறப்புச் சான்றிதழே போதும் என்று சொல்லியிருப்பார். ஒரே நொடிதான், அதற்குள் வேல்மயில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டான், கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டான், செல்வராணிக்கு அங்கேயே மாற்றல் கேட்டுவிட்டான், அப்பாவின் இன்னொரு கண்ணையும் அங்கேயே நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து ஆபரேஷன் பண்ணிவிட்டான். அப்பா அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து, ரெண்டே மாசம் கூட்டிச் சொன்னேன் என்று ஆரம்பிப்பார். சொல்லட்டும். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லட்டும், தானும் கூட உட்கார்ந்து சிரிக்கலாம். லுங்கியில் கையைத் துடைத்தான், இன்னொரு தரம் துடைத்தான், நிமிர்த்திப் பார்த்தான். அவர்கள்தான். இரண்டு வரி. வயதுக்கு ஆதாரமாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதி மட்டுமே ஏற்கப்படும். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

இரண்டாவது தரம் படிக்கவில்லை, படித்தால் மாறிவிடுமா என்ன? அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. இவ்வளவுதானா, பட்டம் வாங்கினதிலிருந்து நாய் மாதிரி ஓடினது இதற்குத்தானா? கிடைக்காதவன் என்றால் தகுதி இல்லாதவன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், இவனுக்குத் தகுதி இருக்கிறது, கட்டுரை இருக்கிறது, எதிர்பார்க்கிறேன் என்று சொன்ன ஆள்கூட இருக்கிறது, உண்மையில் வயதும் இருக்கிறது. இனிமேல் தேடவும் வேண்டாம், அடுத்த வருஷம் ஆவணிக் கணக்குக்கும் வயது தாண்டியிருக்கும். இளம் என்கிற வார்த்தை இன்றோடு தீர்ந்தது. டைல்ஸ் பெட்டியில் எத்தனை உடைந்தது என்று எண்ணலாம், எண்ணுவது ஒன்றும் அவனுக்குப் புதிதில்லை. நாற்காலியில் அப்பா ஒரு கன்னம் பளபளப்பாகவும் ஒரு கன்னம் வெள்ளையாகவும் உட்கார்ந்து, நாக்கை உள்ளே துருத்தி வழிக்காத கன்னத்தை உப்ப வைத்துத் தயாராக இருந்தார். நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. "ஏல, அந்த டெல்லிக்காரன் பரிசுக்குப் போட்டுட்டியா? இந்த வருஷம் வாங்கன்னு சொன்னான்லா" என்றார் அவர், சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி. எத்தனையோ தரம் கேட்ட கேள்விதான். பாக்கலாம்ப்பா என்று சொல்லித்தான் வேல்மயிலுக்குப் பழக்கம்.

"போட முடியாதுப்பா. வயசு தாண்டிட்டு" என்றான். சொல்லிவிட்டான். அப்பாவுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. "எம்புட்டு வயசு?" என்றார். "முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாது." "உனக்கு ஆவணிக்குத்தானல முடியும்." "சர்டிபிகேட்டுல ஜூன்லாப்பா. அவன் அதைத்தான் பாப்பான்." அப்பா சிரித்தார். "அட கிறுக்குப் பயல, அப்போ குறைச்சுச் சொல்லு. நான் அன்னைக்குக் கூட்டிச் சொன்னேன், எவன் கேட்டான்? நீ இப்போ குறைச்சுச் சொல்லு, ரெண்டு மாசம்தானே." வேல்மயிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து எக்கி எக்கி வந்தது, மக்கைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. அவன் சிரித்து முடிப்பதற்குள் அப்பாவின் உப்பியிருந்த கன்னம் மெல்ல உள்ளே போயிற்று. கறுப்புக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் தெரியவில்லை. பிறகு, "அப்போ நான் சொன்ன அந்த ரெண்டு மாசம்தானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அது இல்லப்பா, வேற ஆயிரம் காரணம் இருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்வதற்கு ஒரு மகன் ரொம்பக் கஷ்டப்படவும் வேண்டாம். "ஆமா" என்றான் வேல்மயில். சொன்னதும் ஒரு நிம்மதி இருந்தது, தண்ணீர் குடித்த மாதிரி, அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இத ஏம்ல இம்புட்டு நாளும் எங்கிட்டச் சொல்லல?" என்றார் அப்பா. குரல் கோபமாகத்தான் இருந்தது, கை மட்டும் நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. "சொன்னா என்னப்பா செய்யப் போறீங்க?" "என்ன செய்யவா? ஃபோனைப் போடு. அந்த டெல்லிக்காரனுக்குப் போடு. தப்புப் பண்ணினவன் நான்லா, நான் சொல்லுதேன் அவன்கிட்ட." அந்தப் பக்கத்தில் ஃபோன் நம்பரே கிடையாது, மெயில் முகவரி ஒன்றுதான், அதுவும் நன்றி சொல்லி முடித்துவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர் அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார், பனியனுக்கு மேல் சட்டையே போட்டிருக்கவில்லை, விரல் இல்லாத பட்டனைத் தேடியது. "அவங்களுக்குத் தமிழ் தெரியுமால?" "தெரியும்ப்பா. நம்ம ஊர் ஆளுக இருக்காங்க." "அப்போ போடு." வேல்மயில் அணைந்து கிடந்த ஃபோனை எடுத்தான், பத்துத் தரம் எங்கெங்கோ தட்டினான், வழித்து முடித்த பக்கத்துக் காதில் வைத்துப் பிடித்தான். "ரிங்கே போவலியே." "எடுத்துட்டாங்கப்பா, பேசுங்க. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஐயா, வணக்கம்யா. பாளையங்கோட்டைல இருந்து பூலுடையார் பேசுதேன். வேல்மயிலுக்கு அப்பா. ரிட்டயர்டு கண்டக்டர்." பஸ்ஸில் ஸ்டாப் பேர் சொல்கிற குரல் இல்லை அது, செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் பேசுகிற குரல். "ஐயா, பையன் மேல ஒரு தப்பும் கிடையாது. அவன் பிறந்தது ஆவணிலதான்யா. நான்தான் ஸ்கூல்ல ரெண்டு மாசம் கூட்டிச் சொல்லிட்டேன். பொய்தான். அவுக அம்மை வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சதுய்யா. நான் சர்வீஸ்ல ஒரு டிக்கெட்டு மாத்திக் கிழிச்சதில்ல, ஒரு மெமோ வாங்கினதில்ல, நீங்க டெப்போல கேட்டுப் பாத்துக்கிடலாம். இந்த ஒண்ணுதான். இதுக்குத் தண்டனை உண்டுன்னா எனக்குக் குடுங்கய்யா, பென்சன்ல பிடிச்சுக்கிடுங்க. அவன் அந்த நத்தையக் கட்டிக்கிட்டே கிடக்கான்யா, ராத்திரி தூங்க மாட்டேங்கான். அவனுக்கு இன்னும் வயசு ஆகலைய்யா." கறுப்புக் கண்ணாடிக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கிக் காய்ந்த நுரைக்குள் போனது. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்றும் நர்சம்மா சொல்லியிருக்கலாம், வேல்மயிலுக்கு ஞாபகம் இல்லை. அவன் நீட்டின கை நீட்டினபடி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான், கை கடுத்தது, மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை.

"என்ன சொல்லுதாங்க?" என்று அப்பா கிசுகிசுத்தார். வேல்மயில் ஃபோனைத் தன் காதுக்குக் கொண்டுபோனான். கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். "பாத்துட்டுச் சொல்லுதோம்னு சொல்லுதாங்கப்பா." "எப்போ?" "ஒரு மாசம் ஆகுமாம்." அப்பாவின் தோள் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. "ஒரு மாசம்தானே, ஆகட்டும். மனுஷன் பொறுமையாக் கேட்டாரு பாத்தியா, ஒரு வார்த்த குறுக்கப் பேசல. நல்ல ஆளாத்தான் இருப்பாரு. இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்." திங்கட்கிழமை தூத்துக்குடி பஸ் ஏறும்போது இவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது, ஒரு மாசம் கழித்து என்ன சொல்வது, அதற்கடுத்த மாசம் என்ன சொல்வது என்று வேல்மயிலுக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷை நனைத்துக் காய்ந்த கன்னத்தில் மறுபடி நுரை போட்டான். அப்பா அதற்கு வாகாக முகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பாதி வழித்துக்கொண்டிருக்கும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"எய்யா, அவங்க ஃபோன் வந்துச்சுன்னா, நான் தூங்கிட்டுக் கிடந்தாலும் எழுப்பிரு, என்னா?"